இரண்டு கட்டை போதும்

அன்புள்ள எசமானியம்மாவுக்கு,

உன் தையல்காரன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் மாமாவும் சௌக்கியம். அடுப்பும் சௌக்கியம். அங்கே நீயும் உன் புத்தகங்களும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

எழுத்து கோணல்மாணலாக இருக்கிறதே என்று யோசிக்காதே. பேனா புதிது, நிப் சரியில்லை. அதோடு மேசை முழுக்கக் கோட்டுத் துணி பரப்பிக் கிடப்பதால் மடியில் வைத்து எழுதுகிறேன். அறையில் வெளிச்சமும் கொஞ்சம் குறைவு.

போன கடிதத்தில், வீட்டில் சின்னதாக ஏதாவது ஒன்று என்றாலும் அடுத்த பஸ்ஸிலேயே ஏறிவிடுவேன் என்று எழுதியிருந்தாய். தயவுசெய்து ஏறாதே. பிரசவம் பார்க்கும் படிப்பில் ஓர் இடம் கிடைப்பதற்கு மூன்று வருடம் விண்ணப்பம் போட்டவள் நீ. பத்து மாதத்தில் எட்டே முக்கால் முடிந்துவிட்டது. பரீட்சைக்கு ஐந்தே வாரம். நடுவில் விட்டுப் போனவர்களை மறுபடி சேர்த்துக்கொள்வதில்லை என்று நீதான் சொன்னாய். ஆகவே இங்கே கூரையே பறந்தாலும் நீ அங்கே உட்கார்ந்து படி. கூரை பறக்கவில்லை, பேச்சுக்குச் சொல்கிறேன்.

காற்றில் கம்பம் சாய்ந்து மூன்று நாள் மின்சாரம் இல்லை. மாமா ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நடமாடுகிறார். வாசலில் யாராவது வந்தால் முதலில் வயிறுதான் போய்க் கதவைத் திறக்கிறது. சமையலும் அவர்தான். தான் உப்பே போடுவதில்லை என்று அவர் சத்தியம் செய்கிறார். எனக்குத் தெரிந்து ஒரே குழம்பில் மூன்று தடவை போடுகிறார். உன் கடிதம் வந்தால் உடனே பிரிக்கவிடமாட்டார். தபால் முத்திரையைக் கண்ணாடி வைத்துப் பார்த்து, இது எங்கே எத்தனை நாள் கிடந்தது என்று அந்த ஊர் தபால்காரனைத் திட்டி முடித்த பிறகுதான் என் கைக்கு வரும். பணி ஓய்வு பெற்று ஏழு வருடமாகியும் மனுஷருக்கு உத்தியோகம் முடியவில்லை.

பஸ் கண்டக்டர்களுக்கான இருபத்திரண்டு கோட்டில் பதினான்கு முடிந்தது. மிச்சத்தைக் கடைத்தெருவில் இருக்கும் என் சிநேகிதன் தைத்துத் தருகிறான். எனக்கு முடியாமல் இல்லை. அவனுக்கும் வேலை வேண்டுமே என்றுதான்.

வீட்டைச் சூடாக்கும் அடுப்பைப் பற்றிக் கவலைப்படாதே. நீ எழுதி ஒட்டிய காகிதம் சுவரிலேயே இருக்கிறது. ஒரு தடவைக்கு இரண்டு கட்டை. கீழே இருக்கும் சாம்பல் கதவு எப்போதும் மூடியிருக்க வேண்டும். புகைக் குழாயில் ஒட்டியிருக்கும் சூட்டு மீட்டரின் முள் மஞ்சளைத் தாண்டிச் சிவப்புக்குப் போகக் கூடாது. போனால் காற்று வழியை அடை, கட்டை போடும் பெரிய கதவைத் திறக்காதே, தண்ணீரைத் தொடாதே. எல்லாம் மனப்பாடம். உறக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

மாமா ஒரு சந்தேகம் கேட்கச் சொன்னார். சும்மா பொது அறிவுக்காகத்தான். ஒரு குழாய் ஒரு தடவை சிவந்துவிட்டால் அதை மாற்ற வேண்டுமா, துடைத்துவிட்டு அப்படியே வைத்துக்கொள்ளலாமா? இன்னொன்று. அடுப்புக்குப் பின்னால் இருக்கும் சுவருக்குப் பழுப்பு நிறம் நன்றாக இருக்கும் என்று எதிர்வீட்டு மெக்கானிக் சொல்கிறார். நீ வரும்போது அது பழுப்பாக இருந்தால் ஆச்சரியப்படாதே.

சின்ன அறைக் கதவைத் திறந்தே வைத்திருக்கிறேன். சூடு அங்கேயும் போகட்டும் என்று.

நேரத்துக்குச் சாப்பிடு. கால் வலிக்க நிற்காதே. நீ பாஸ் பண்ணிவிட்டு வருகிற அன்றைக்கு உனக்கு ஒரு கோட் தைத்து வைத்திருப்பேன். அளவு எடுக்கத் தேவையில்லை, எனக்குத் தெரியும்.

இப்படிக்கு,
உன் தையல்காரன்


என் அருமை மகளுக்கு,

அப்பா எழுதும் ஆசீர்வாதக் கடிதம். இதை மாப்பிள்ளைக்குத் தெரியாமல் எழுதுகிறேன். அவர் கட்டுப் பிரித்து மருந்து போட ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார். இதோ, எழுத ஆரம்பித்த மூன்றாவது வரியிலேயே விஷயம் வெளியே வந்துவிட்டது. போகட்டும்.

முப்பத்தாறு வருடம் ஊரார் கடிதங்களைச் சுமந்தவன் நான். ஒன்றைக்கூடப் பிரித்துப் படித்ததில்லை. போன வாரம் மாப்பிள்ளை உனக்கு எழுதிய கடிதத்தைப் பெட்டியில் போடச் சொல்லி என்னிடம்தான் கொடுத்தார். அதையும் பிரிக்கவில்லை. ஆனால் உறைமேல் இருந்த விலாசம் இடது கையால் எழுதியது. அதைப் பார்த்தாலே உள்ளே எத்தனை பொய் இருக்கும் என்று கணக்குப் போட்டுவிடலாம். நீயும் போட்டிருப்பாய்.

நடந்ததைச் சொல்கிறேன். பயப்படாமல் படி. இருவரும் உயிரோடு இருக்கிறோம், வீடும் இருக்கிறது.

மின்சாரம் இல்லாத மூன்றாவது நாள். தைத்து முடித்த பதினான்கு கோட்டுகளை மறுநாள் காலை ஒப்படைக்க வேண்டும். கரண்ட் இஸ்திரிப் பெட்டி வேலை செய்யாததால் மாப்பிள்ளை பரணிலிருந்து பழைய இரும்பு இஸ்திரிகள் இரண்டை இறக்கினார். அடுப்பின் மேலே வைத்துச் சூடாக்கித் தேய்க்கும் அந்தக் கனத்த இரும்புதான். அது சீக்கிரம் காயவில்லை. காற்று கூடுதலாகக் கிடைத்தால் தீ ஓங்கும் என்று சாம்பல் கதவை நாலு விரல் திறந்து வைத்தார். ஒரு இரும்பை எடுத்துக்கொண்டு முன்னறைக்குத் தேய்க்கப் போனார். இரண்டு நிமிஷத்தில் வந்து மூடிவிடலாம் என்று நினைத்திருக்கிறார். அங்கே ஒரு காலர் மடங்க மறுத்திருக்கிறது. காலர் மடங்காவிட்டால் அவருக்கு உலகமே கண்ணில் படாது, உனக்குத் தெரியும்.

அந்த நேரம் பார்த்து நான் போனேன். எனக்குக் குளிர். சாம்பல் கதவைக் குனிந்து பார்க்கவில்லை. மூன்று ஸ்வெட்டரோடு குனிவது லேசான காரியமில்லை. பெட்டியில் இருந்ததில் நன்றாகக் காய்ந்த கட்டைகளாகப் பார்த்து நாலு போட்டேன். உன் காகிதத்தில் இரண்டு என்று இருப்பதை நான் தினமும் படிக்கிறேன் அம்மா. அது மாப்பிள்ளைக்கு எழுதியது என்று நினைத்துக்கொள்வேன். போட்டுவிட்டு அடுப்புக் கையுறையைக் கழற்றாமல் அப்படியே போய்ப் படுத்தேன். உண்மையைச் சொன்னால் ஒரு மாதமாக அந்தத் தோல் கையுறையைப் போட்டுக்கொண்டுதான் மதியம் படுக்கிறேன். விரல்களுக்கு இதமாக இருக்கிறது.

கொஞ்ச நேரத்தில் லாரி ஏற்றம் ஏறுகிற மாதிரி ஒரு உறுமல் கேட்டது. எழுந்து வந்து பார்த்தால் குழாய் ஒரு முழத்துக்குச் சிவந்து நிற்கிறது. மீட்டர் முள் சிவப்பையும் தாண்டி, எழுத்தே இல்லாத இடத்தில் போய் நின்றது. பின்சுவரில் பெயின்ட் கொப்பளிக்கிறது. நான் வாளியை எடுத்தேன். மாப்பிள்ளை முன்னறையிலிருந்து ஓடிவந்து, "மாமா, ஊத்தாதீங்க, இரும்பு வெடிச்சிரும், ஆவி நம்ம மேல அடிக்கும்" என்று கத்தினார். ஆணியில் கையுறையைத் தேடினார். அது என் கையில் இருந்தது. நான் கழற்றுவதற்குள் அவர் வெறுங்கையால் சாம்பல் கதவைத் தள்ளி, கொண்டியைப் பிடித்து அழுத்தி மூடிவிட்டார். பிறகு இடுக்கியால் காற்று வழியையும் அடைத்தார். எவ்வளவு நேரம் அந்தக் கொண்டியைப் பிடித்திருந்தார் என்று எனக்குத் தெரியாது. தோல் அதில் ஒட்டியிருந்தது. பிறகு நான்தான் அதைத் துடைத்தேன்.

இருவரும் கம்பளியோடு வாசற்படியில் போய் உட்கார்ந்தோம். மெக்கானிக் வந்து கூரையையும் புகைபோக்கியையும் பார்த்து, மேலே பற்றவில்லை என்று சொன்னார். முள் கீழே இறங்க ஒரு மணி நேரம் ஆனது. அதற்குப் பிறகுதான் மாப்பிள்ளை மெக்கானிக்கின் வண்டியில் ஏறி ஆஸ்பத்திரிக்கு வரச் சம்மதித்தார். உள்ளங்கையும் மூன்று விரலும். ஊசி பிடிக்க இரண்டு மாதம் ஆகும் என்று டாக்டர் சொல்கிறார். பழையபடி பிடிக்கும் என்றும் சொல்கிறார், அதை அழுத்திச் சொல்லச் சொல்லி இரண்டு தடவை கேட்டுக்கொண்டேன். மறுநாளே மெக்கானிக் குழாயை மாற்றி, புகைபோக்கியைத் தூரிகை விட்டுச் சுத்தம் செய்து கொடுத்தார். ஒரு கூடை கரி.

இது வரைக்கும் என் குற்றம். நாலு கட்டையும் கையுறையும் என்னுடையவை. மாப்பிள்ளை தன் குற்றம் என்கிறார். இந்த ஒரு விஷயத்தில்தான் இத்தனை வருடத்தில் நாங்கள் ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுக்காமல் சண்டை போடுகிறோம்.

நான் எழுத உட்கார்ந்தது இதற்காக இல்லை. அம்மா, அந்த அடுப்பு அன்றைக்கு மட்டும் சூடாகவில்லை. நீ போன நாளிலிருந்தே சூடாகத்தான் இருக்கிறது. மாப்பிள்ளை இராத்திரியில் மூன்று தடவை எழுந்து கட்டை போடுகிறார். விடிகாலையில் நான் வியர்வையில் எழுந்து, ஸ்வெட்டரைக் கழற்றி, பிறகு குளிர்ந்து மறுபடி போட்டுக்கொள்கிறேன். ஏன் மாப்பிள்ளை என்று கேட்டால் உங்களுக்குக் குளிருமே மாமா என்பார். நானும் நம்பினேன்.

அன்று வாசற்படியில் உட்கார்ந்திருந்தபோது, கை வெந்து துடிக்கிற மனிதர், அடுப்பைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே கேட்டார். "மாமா, ரொம்ப அடைச்சுட்டேனா, அணைஞ்சிருமா?" என்றார். நான் கோபத்தில் அணைந்தால் அணையட்டும் என்றேன். அவர் உடனே அழுதுவிட்டார். "அன்னிக்கு அணைஞ்சு போச்சு மாமா. நான் வர நாலு மணி நேரம் ஆச்சு. வீடு சில்லுன்னு கிடந்துச்சு. இனிமே அணைய விடமாட்டேன்" என்றார்.

நான் அப்போது உங்களோடு இல்லை. எனக்குச் செய்தி மட்டும்தான் வந்தது. உன்னைத் தேற்றினோம், அவரை யாரும் கேட்கவில்லை. அவரும் கேலி பேசிக்கொண்டே நாலு வருடத்தை ஓட்டிவிட்டார். பனியில் மருத்துவச்சியை அழைக்கப் போனவர் திரும்பி வந்ததும், கூட வந்த அந்த அம்மாள் வாசலில் நின்று "என்ன வீடு இப்படி ஐஸா கிடக்குது" என்று சொன்னாளாம். குழந்தை குளிரில் போய்விட்டது என்று அன்றிலிருந்து மனதில் வைத்திருக்கிறார். குழந்தைக்கென்று வைத்திருந்த சின்ன அறையின் கதவை அதற்காகத்தான் மூட விடுவதில்லை.

உன்னை வா என்று நான் சொல்லவில்லை. வராதே என்று சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. அவருக்கு ஒரு வார்த்தை எழுது. நான் சொன்னால் மாமனார் ஆறுதல் சொல்கிறார் என்று எடுத்துக்கொள்வார். நீ சொன்னால் நம்புவார்.

நீ நன்றாக இருக்க வேண்டும். பரீட்சையை ஒரு கை பார்.

அன்புடன்,
அப்பா


அன்புள்ள தையல்காரருக்கு,

உங்கள் கடிதமும் அப்பாவின் கடிதமும் கிடைத்தன. அப்பாவைத் திட்டாதீர்கள். உங்கள் உறையைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. காலரில் ஒரு நூல் கோணினால் மொத்தத்தையும் பிரித்துத் தைக்கிற ஆள், கோணல் எழுத்துக்கு ஒரே மூச்சில் மூன்று காரணம் சொன்னால் நான் என்ன நினைப்பேன்? இனிமேல் இடது கையாலேயே எழுதுங்கள். உங்கள் வலது கை பொய்யில் நன்றாகத் தேறிவிட்டது, இடது கைக்கு இன்னும் வரவில்லை.

சிவந்த குழாயை மாற்றத்தான் வேண்டும். மெக்கானிக் மாற்றியது சரி. அடுப்பின் உடம்பில் எங்காவது விரிசல் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். அப்பாவுக்குக் கம்பளிக் கையுறை வாங்கி இத்துடன் அனுப்பியிருக்கிறேன். அடுப்புக் கையுறை ஆணியை விட்டு இறங்கக் கூடாது. கட்டை இரண்டு என்பது அவருக்கும் சேர்த்துத்தான் எழுதியது.

அப்பாவின் கடிதம் வந்த அன்றே பையைக் கட்டினேன். பஸ் நிலையத்துக்கும் போனேன். டிக்கெட்டும் வாங்கினேன். பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது ஒன்று புரிந்தது. நான் வந்தால் உங்கள் கைக்கு மருந்து போடுவேன், சாதம் பிசைந்து ஊட்டுவேன், அப்பாவோடு சண்டை போடுவேன். சொல்ல வேண்டியதை மட்டும் சொல்லமாட்டேன். உங்கள் முகத்தைப் பார்த்தால் எனக்கு அது வராது. இந்த ஒன்பது மாதத்தில் இரண்டு தடவை விடுமுறைக்கு வந்தேன். இரண்டு தடவையும் சொல்லாமல்தான் திரும்பினேன். அதனால் பஸ்ஸை விட்டுவிட்டு விடுதிக்கு வந்து எழுதுகிறேன். நீங்கள் உட்கார்ந்து படியுங்கள். நின்றுகொண்டு படிக்காதீர்கள்.

இரண்டாவது மாதம் ஒரு நாள் வகுப்பில், வயிற்றில் குழந்தையின் அசைவைத் தாய் எப்படிக் கவனிக்க வேண்டும் என்று ஆசிரியை சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு பகல் முழுக்க அசைவு இல்லையென்றால் காத்திருக்கக் கூடாது, உடனே ஆஸ்பத்திரிக்கு வரவேண்டும் என்றார். எல்லோரும் எழுதிக்கொண்டார்கள். நான் பேனாவை மூடி வைத்தேன்.

எனக்கு வலி எடுத்து நீங்கள் மருத்துவச்சியைத் தேடிப் போன நாள் நினைவிருக்கும். அதற்கு முந்தின நாள் காலையிலிருந்தே எனக்கு அசைவில்லை. தூங்குகிறது என்று நினைத்தேன். பிறக்கப் போகிற குழந்தை அடங்கிக் கிடக்கும் என்று யாரோ சொன்னது ஞாபகம் வந்தது. நீங்கள் அப்போது ஒரு பெரிய ஆர்டரில் இருந்தீர்கள். சாயங்காலம் வந்து, எப்படி இருக்கிறான் நம்ம சின்ன முதலாளி என்று கேட்டீர்கள். சமத்தாகத் தூங்குகிறான் என்று நான் சொன்னேன்.

வகுப்பு முடிந்ததும் ஆசிரியையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பிறந்தபோது அழவில்லை, அசையவில்லை, உடம்பின் நிறம் எப்படி இருந்தது, தோல் எப்படி இருந்தது எல்லாம் கேட்டார். கேட்டுவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். வலி எடுப்பதற்கு முன்பே, குறைந்தது ஒரு நாள் முன்பே போய்விட்டது என்றார். நான் அடுப்பைப் பற்றியும் கேட்டேன். அணைந்துவிட்டது, வீடு குளிர்ந்துவிட்டது என்று சொன்னேன். "அந்த வீட்ல பத்து அடுப்பு எரிஞ்சிருந்தாலும் இதேதாம்மா நடந்திருக்கும்" என்றார்.

கேட்கிறதா? நீங்கள் கிளம்பும்போதே அவன் இல்லை. நீங்கள் நாலு மணி நேரத்தில் வராமல் நாலு நிமிஷத்தில் வந்திருந்தாலும் அவன் இருந்திருக்கமாட்டான். வீடு குளிர்ந்தது எனக்குத்தான் குளிர்ந்தது. நீங்கள் வந்ததும் உங்கள் கோட்டைக் கழற்றி என்மேல் போட்டீர்கள், எனக்குச் சரியாகிவிட்டது.

இதை ஏழு மாதமாக ஏன் மறைத்தாய் என்று கேட்பீர்கள். உங்கள் மனதில் அடுப்பு இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. என் மனதில் சமத்தாகத் தூங்குகிறான் என்ற வார்த்தை இருந்தது. அதைச் சொன்னால் நீங்கள் என்னை எப்படிப் பார்ப்பீர்களோ என்று பயந்தேன். ஆசிரியையிடம் அதையும் கேட்டேன். "தெரியாம விட்டது குத்தமில்ல. இனிமே தெரிஞ்சவ நீ. வர்ற பொண்ணுங்ககிட்ட மொதல் கேள்வியா அதைக் கேளு" என்றார். அதனால்தான் நான் மிச்சமிருக்கும் இந்த மூன்று வாரத்தை முடிக்க வேண்டும். நம் பக்கத்தில் அந்தக் கேள்வியைக் கேட்க இப்போது யாரும் இல்லை.

என்மேல் கோபம் இருந்தால் அதையும் இடது கையாலேயே எழுதுங்கள். இல்லையென்றாலும் எழுதுங்கள்.

இப்போது ஒன்று செய்யுங்கள். எனக்காகச் செய்யுங்கள். இன்று படுக்கப் போகும் முன்னால் இரண்டு கட்டை போடுங்கள். சாம்பல் கதவு மூடியிருக்கிறதா என்று ஒரே ஒரு தடவை பாருங்கள். முள் மஞ்சளில் நிற்கட்டும். சின்ன அறைக் கதவைச் சாத்திவிடுங்கள். பிறகு படுத்துக் காலை வரைக்கும் எழுந்திருக்காமல் தூங்குங்கள். அடுப்பு அணைந்தால் அணையட்டும். காலையில் அப்பா ஒரு தீக்குச்சி கிழித்தால் போதும்.

இப்படிக்கு,
உங்கள் எசமானி